பள்ளிப் பிள்ளைகளும் காற்றில் பரவும் நோய்களும்

(நமது ஜமாஅத் கல்விக் குழுவின் சார்பில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். உறுப்பினர்கள் பலரும் கேட்டுக்கொண்டதற்கிணங்க இம்மலரில் வெளியிடப்படுகிறது.)



 

ஆண்டுதோறும் மழைக்காலம் தொடங்கியதும் நம் பள்ளி வகுப்புகளில் கால்வாசிப் பிள்ளைகள் இருமலும் காய்ச்சலுமாகப் படுத்துவிடுகிறார்கள். ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்கு வந்தால் வீடு முழுவதும் வந்துவிடுகிறது. இது ஏன் நிகழ்கிறது, இதனைக் குறைக்க வழியுண்டா என்று விளக்கிப் பேசுமாறு கல்விக் குழுவினர் என்னைப் பணித்தார்கள். நான் மருத்துவன் அல்லன். முப்பதாண்டுகளுக்கு மேல் பிள்ளைகளுடன் வகுப்பறையில் வாழ்ந்தவன். படித்தறிந்தவற்றையும், மருத்துவ நண்பர்களிடம் கேட்டுத் தெளிந்தவற்றையும், என் பணிக்காலத்தில் நானே செய்த ஒரு தவற்றையும் உங்கள் முன் வைக்கிறேன். இறுதியில் நிர்வாகக் குழுவிடம் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. அது சிலருக்குக் கசப்பாக இருக்கக்கூடும். ஆயினும் சொல்லியாக வேண்டும்.

ஒரு சிறுமியும் பதினான்கு வகுப்பறைகளும்

1974-ஆம் ஆண்டின் வசந்த காலத்தில், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், புறநகர்ப் பகுதி ஒன்றிலிருந்த தொடக்கப் பள்ளியில் தட்டம்மை பரவிற்று. நம் பக்கத்தில் சிலர் மணல்வாரி என்று சொல்லும் நோய்தான் இது. முதலில் நோயுற்றவள் இரண்டாம் வகுப்பில் பயின்ற ஒரு சிறுமி. அவளிடமிருந்து மட்டும் 28 பிள்ளைகளுக்கு நோய் தொற்றிற்று. அந்த 28 பேரும் ஒரே வகுப்பைச் சேர்ந்தவர்கள் அல்லர். 14 வெவ்வேறு வகுப்பறைகளில் இருந்தவர்கள். அவர்களிடமிருந்து மேலும் இரண்டு சுற்றுகள் பரவி, மொத்தம் 60 பிள்ளைகள் நோயுற்ற பின்னரே அது ஓய்ந்தது.

அவளோடு ஒரே பெஞ்சில் அமராத, அவள் தொட்ட புத்தகத்தைத் தொடாத பிள்ளைகளுக்கு நோய் எவ்வாறு சென்றது? ரிச்சர்டு ரைலி உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள் இதனை ஆராய்ந்து 1978-இல் தம் முடிவை வெளியிட்டார்கள். அப்பள்ளி நவீன முறையில் கட்டப்பட்டது. ஓர் இயந்திர அமைப்பு எல்லா வகுப்பறைகளின் காற்றையும் இழுத்து, அதிலே பெரும்பகுதியை வெளியே விடாமல், மீண்டும் எல்லா அறைகளுக்கும் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. அச்சிறுமி ஓர் அறையில் விட்ட மூச்சை மற்ற அறைகளின் பிள்ளைகளும் உள்ளிழுத்தார்கள். பள்ளிப் பேருந்துகளில் பரவியதையும் அவர்கள் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். ஒருவருக்கு நோய் தொற்றப் போதுமான அளவை ஓர் அலகு என்று கொண்டால், அச்சிறுமி நிமிடத்திற்கு ஏறத்தாழ 93 அலகுகளைக் காற்றில் கலந்திருக்கிறாள் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். எல்லா நோயாளிகளும் இவ்வளவு பரப்புவதில்லை. அவளிடமிருந்து நோயைப் பெற்றவர்கள் அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கே பரப்பினார்கள் என்று தெரிகிறது. ஆனால் எந்தப் பிள்ளை எவ்வளவு பரப்பும் என்பதை முன்கூட்டியே அறிய நம்மால் இயலாது.

இன்னொரு செய்தியையும் கவனிக்க வேண்டும். அப்பள்ளிப் பிள்ளைகளுள் 97 விழுக்காட்டினர் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள். அப்படியிருந்தும் நோய் பரவியதற்குக் காரணம், அவர்களுள் பலருக்கு ஒரு வயது நிறையும் முன்பே ஊசி போடப்பட்டிருந்ததுதான். இதைப் பற்றிப் பின்னர் விரிவாகச் சொல்கிறேன்.

பரவும் வழிகள்

சுவாச வழி நோய்களை உண்டாக்கும் வைரஸ்கள் பல. சாதாரணச் சளி, இன்ஃபுளூயன்சா என்னும் ஃப்ளூ காய்ச்சல், தட்டம்மை, 2020-இல் உலகையே முடக்கிய கொரோனா ஆகியவை அவற்றுள் சில. இவை பிள்ளைகளிடையே மூன்று வழிகளில் பரவுகின்றன.

முதலாவது, தும்மும்போதும் இருமும்போதும் தெறிக்கும் பெரிய துளிகள். இவை எடை மிகுந்தவை. ஓரிரு மீட்டர் தூரத்திற்குள் தரையில் விழுந்துவிடும். பக்கத்தில் அமர்ந்திருப்பவரின் முகத்தில் படுவது இதுவே.

இரண்டாவது, கைகள். மூக்கைத் துடைத்த கையால் பிள்ளை பென்சிலைக் கொடுக்கிறது. வாங்கிய பிள்ளை கண்ணையும் மூக்கையும் தேய்க்கிறது. சளியை உண்டாக்கும் வைரஸ்கள் இவ்வழியையும் பயன்படுத்திக்கொள்கின்றன.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துகள்கள். இவை இருமும்போது மட்டுமன்றி, பேசும்போதும் மூச்சு விடும்போதும் வெளிப்படுகின்றன. புகைபோல அறை முழுவதும் மிதக்கின்றன. தட்டம்மைக் கிருமி, நோயாளி அறையை விட்டுச் சென்ற பின்னரும் இரண்டு மணி நேரம் வரை அந்தக் காற்றில் உயிர்ப்புடன் இருக்கக்கூடும். நோயெதிர்ப்பு இல்லாதவர்கள் பத்துப் பேர் ஒரு தட்டம்மை நோயாளியுடன் நெருங்கிப் பழகினால் ஒன்பது பேருக்கு நோய் வரும் என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன.

நீண்ட காலம் மருத்துவ உலகம் முதலிரண்டு வழிகளுக்கே முதன்மை தந்து வந்தது. 1930-களிலேயே வில்லியம் வெல்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் மூன்றாம் வழியை வலியுறுத்தினார். ஃபிலடெல்ஃபியா நகரப் பகுதியிலிருந்த பள்ளிகளில் அறையின் மேற்பகுதிக் காற்றைப் புற ஊதா விளக்குகளால் தூய்மைப்படுத்தி, 1941-ஆம் ஆண்டுத் தட்டம்மைப் பரவலின்போது அவ்வறைகளில் நோய் குறைவாக இருந்ததைக் காட்டினார். பிறர் வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அத்தகைய பயன் கிட்டவில்லை. வகுப்பறையில் தப்பிய பிள்ளைகள் பேருந்திலும் பிற இடங்களிலும் நோயைப் பெற்றதே அதற்கு ஒரு காரணமாகக் கருதப்பட்டது. கொரோனாக் காலத்திற்குப் பிறகுதான் காற்றுவழிப் பரவலின் முக்கியத்துவம் உலகெங்கும் பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

இதனை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். உரத்துப் பேசும்போது வெளிப்படும் துகள்கள், மெல்லப் பேசும்போது வெளிப்படுவதைவிட மிக அதிகம். நம் மாலை நேர மக்தபில் நாற்பது பிள்ளைகள் பாயில் நெருக்கமாக அமர்ந்து உரத்த குரலில் ஓதுகிறார்கள். பள்ளியில் வாய்ப்பாடு சொல்வதும் அவ்வாறே. அது நல்ல வழக்கம். அதை நிறுத்தும்படி நான் சொல்லவில்லை. ஆனால் மஃரிபுக்குப் பின் கொசுத் தொல்லைக்காக நாம் ஜன்னல்களை எல்லாம் அடைத்துவிடுகிறோம். அந்த அறையில் பிள்ளைகள் ஒருவர் விட்ட மூச்சையே மற்றவர் மீண்டும் மீண்டும் இழுக்கிறார்கள். குளிர்சாதனப் பெட்டி பொருத்தினால் காற்று தூய்மையாகிவிடும் என்று எண்ணுவோரும் உண்டு. நாம் வழக்கமாகப் பொருத்தும் குளிர்சாதனப் பெட்டி அறையின் காற்றையே குளிர்வித்துத் திரும்பத் திரும்பச் சுற்றவிடுகிறதே தவிர, வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அந்த நியூயார்க் பள்ளியில் நடந்ததும் ஏறத்தாழ இதுவே. பள்ளி வேன்களில் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பிள்ளைகளை அடைத்துச் செல்வதும் இத்தகையதே.

அறிகுறிக்கு முன்பே பரவும் நோய்

நோயுற்ற பிள்ளையை விலக்கி வைத்தாலே போதும் என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் ஃப்ளூ காய்ச்சல், அறிகுறி தோன்றுவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பிறருக்குத் தொற்றக்கூடியது. தட்டம்மையோ உடலில் தடிப்புகள் தோன்றுவதற்கு நான்கு நாட்களுக்கு முன்பிருந்து, தோன்றிய பின் நான்கு நாட்கள் வரை தொற்றும். அந்த முதல் நான்கு நாட்களில் பிள்ளைக்கு இருப்பது காய்ச்சலும் இருமலும் மூக்கொழுகலும் கண் சிவப்பும் மட்டுமே. பார்ப்பவர்கள் சாதாரணச் சளி என்றே எண்ணுவார்கள். கிருமி உடலில் நுழைந்ததிலிருந்து தடிப்புத் தோன்ற ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆவதால், யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதையும் நாம் அறிவதில்லை.

இங்கேதான் என் தவற்றைச் சொல்ல வேண்டும்.

நான் தலைமை ஆசிரியராக இருந்த பள்ளி ஒன்றில், ஆண்டுத் தேர்வை ஒட்டிய நாட்களில், ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் காய்ச்சலோடு வந்தான். கண்கள் சிவந்திருந்தன. வகுப்பாசிரியை அவனை வீட்டிற்கு அனுப்பலாமா என்று கேட்டார். அவன் அதுவரை ஒரு நாளும் விடுப்பு எடுத்ததில்லை. முழு வருகைப் பரிசு அவனுக்குத்தான் என்று பள்ளியே பேசிக்கொண்டிருந்தது. "மாத்திரை போட்டுக்கிட்டேன் சார், இருக்கேன் சார்" என்றான். நான் அவன் தோளைத் தட்டிக்கொடுத்து, காலை வணக்கக் கூட்டத்தில் அனைவர் முன்னிலையிலும் அவனைப் பாராட்டினேன். மூன்றாம் நாள் அவன் முகத்தில் தடிப்புகள் தோன்றின. அடுத்த இரண்டு வாரங்களில் மூன்று வகுப்புகளில் பிள்ளைகள் படுத்தார்கள். அவர்களுள் ஒரு மாணவியின் வீட்டில் ஏழு மாதக் கைக்குழந்தை ஒன்று இருந்தது. தடுப்பூசி போடும் வயதை எட்டாத குழந்தை. அதற்கு நிமோனியா கண்டு, பல நாட்கள் பிராணவாயு வைத்துச் சிகிச்சை அளிக்க வேண்டியதாயிற்று. இறைவன் அருளால் குழந்தை பிழைத்தது. மருத்துவமனைக்குச் சென்று பார்த்தபோது, அக்குழந்தையின் தாயார், "உங்க பள்ளிக்கூடத்துலேர்ந்து வந்ததாமே சார்" என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை.

அம்மாணவன் மீது குற்றம் இல்லை. வீட்டிலிருக்க வேண்டிய பிள்ளையை, பரிசு என்ற ஒன்றைக் காட்டிப் பள்ளிக்கு வரவழைத்தவர்கள் நாங்கள். காய்ச்சல் மாத்திரை சூட்டைத் தணிக்கும், தொற்றைத் தணிக்காது. இதனை அன்று நான் உணரவில்லை.

தடுப்பூசி குறித்துச் சில சொற்கள்

தட்டம்மையை வெறும் தடிப்பு நோய் என்று எண்ணிவிடக் கூடாது. நிமோனியாவும் கடும் வயிற்றுப்போக்கும் இதனால் வரும். ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பிள்ளைக்கு மூளைக் காய்ச்சல் வருகிறது. வேறு நோய்களுக்கு எதிராக உடல் முன்னரே பெற்றிருந்த எதிர்ப்பாற்றலையும் தட்டம்மை அழித்துவிடுகிறது என்று 2019-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. தட்டம்மை வந்து தேறிய பிள்ளை, தொடர்ந்து பல மாதங்கள் வேறு நோய்களால் அவதியுறுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

நம் நாட்டில் தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசி அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசமாகப் போடப்படுகிறது. முதல் தவணை 9 முதல் 12 மாதத்திற்குள். இரண்டாம் தவணை 16 முதல் 24 மாதத்திற்குள். பலர் முதல் ஊசியோடு நிறுத்திவிடுகிறார்கள். அது பெரும் பிழை. தாயிடமிருந்து குழந்தைக்கு வந்த எதிர்ப்பாற்றல் முதல் ஆண்டில் சிறிதளவு எஞ்சியிருக்கும்; அது ஊசி மருந்தின் செயலைத் தடுத்துவிடக்கூடும். 9 மாதத்தில் போடும் ஊசி ஏறத்தாழ நூற்றுக்கு 85 பிள்ளைகளுக்கே பலன் தருகிறது. நியூயார்க் பள்ளியில் நடந்ததன் உட்காரணமும் இதுவே. அப்படியானால் ஒரு வயதுக்குப் பின் போட்டாலென்ன என்று கேட்கலாம். நம் நாட்டில் அதற்கு முன்பே குழந்தைகளை நோய் தாக்கும் வாய்ப்பு இருப்பதால், முன்னதாக ஓர் ஊசியும் உறுதிப்படுத்த இன்னோர் ஊசியும் போடுகிறார்கள். இரண்டும் போட்டால்தான் பாதுகாப்பு முழுமை பெறும். ஓர் ஊரில் 95 விழுக்காட்டினர் இரண்டு தவணையும் பெற்றிருந்தால், ஊசி போட இயலாத கைக்குழந்தைகளும் காக்கப்படுவார்கள்.

2017 பிப்ரவரியில் தமிழகம் உள்ளிட்ட சில மாநிலங்களில், 9 மாதம் முதல் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இந்த ஊசியைப் பள்ளிகளிலேயே போடும் இயக்கம் தொடங்கியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது வாட்ஸ்அப் வழியாக வதந்திகள் பரவின. இந்த ஊசி மலட்டுத்தன்மையை உண்டாக்கும் என்றார்கள். அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. தட்டம்மைத் தடுப்பூசி 1963 முதல் உலகெங்கும் கோடிக்கணக்கான பிள்ளைகளுக்குப் போடப்பட்டு, அவர்கள் வளர்ந்து பெற்றோராகி, பேரப்பிள்ளைகளையும் கண்டுவிட்டார்கள். ஆயினும் நம் சமுதாயத்தில் பலர் அஞ்சி, அன்று பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் இருந்தார்கள்.

வதந்தியல்லாத ஓர் ஐயமும் உண்டு. அதனை மறைப்பது முறையாகாது. மருந்தின் தயாரிப்பில் மார்க்கம் விலக்கிய பொருள் சேர்கிறதா என்று சிலர் கேட்கிறார்கள். இந்தோனேசியாவில் இக்கேள்வி எழுந்தபோது, அந்நாட்டு உலமாக்கள் பேரவை 2018 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. தயாரிப்பில் பன்றியிலிருந்து பெறப்பட்ட பொருள் பயன்படுத்தப்பட்டிருப்பதை அது வெளிப்படையாகக் கூறியது. கூடவே, வேறு மாற்று மருந்து இல்லாமையாலும், போடாவிடில் விளையும் தீங்கைக் கருதியும், நிர்ப்பந்த நிலையில் அந்த ஊசியைப் பயன்படுத்த அனுமதியுண்டு என்றும் அறிவித்தது. மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஐயமுள்ளவர்கள் உலமாக்களிடம் நேரில் கேட்டுத் தெளிவு பெறுங்கள். செல்பேசியில் வரும் பெயரில்லாச் செய்திகளிடம் கேட்காதீர்கள்.

2022-ஆம் ஆண்டின் இறுதியில் மும்பையிலும், கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்திலும் தட்டம்மை பரவியதை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். கொரோனாக் காலத்தில் விடுபட்ட ஊசிகளும், தயக்கத்தால் விடுபட்டவையும் சேர்ந்து அந்த நிலையை உண்டாக்கின. மும்பையில் உயிரிழந்த குழந்தைகளுள் பெரும்பாலோர் ஊசி பெறாதவர்கள். அவர்கள் நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழைக் குழந்தைகள்.

பெற்றோர் செய்ய வேண்டியவை

காய்ச்சல் கண்ட பிள்ளையைப் பள்ளிக்கோ, மக்தபுக்கோ, டியூஷனுக்கோ அனுப்பாதீர்கள். மாத்திரையின் உதவியின்றி 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்த பின்னரே அனுப்புங்கள். தட்டம்மையாயின் தடிப்புத் தோன்றிய பின் நான்கு நாட்கள் கழிய வேண்டும். தட்டம்மை கண்டால் அம்மைதானே என்று வீட்டோடு வைத்துக்கொள்ளாமல் மருத்துவமனைக்குத் தெரிவித்துவிட்டுச் செல்லுங்கள். அங்கே அடுத்தடுத்த இரு நாட்கள் வைட்டமின் ஏ மருந்து கொடுப்பார்கள். அது கண்ணையும் உயிரையும் காக்கும். பிள்ளை வேகமாக மூச்சு வாங்கினாலோ, மூச்சிழுக்கும்போது விலா ஒட்டினாலோ, தண்ணீர் குடிக்க மறுத்தாலோ, எழுப்பினாலும் எழாமல் மயங்கிக் கிடந்தாலோ ஒரு கணமும் தாமதிக்கலாகாது. காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் மாத்திரையைப் பிள்ளைகளுக்கு நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

இருமும்போது முழங்கை மடிப்பால் வாயை மூடவும், சோப்புப் போட்டுக் கை கழுவவும் பழக்குங்கள். வீட்டில் கைக்குழந்தையோ முதியவரோ இருந்தால், சளி பிடித்த பிள்ளையைச் சில நாட்கள் அவர்களிடமிருந்து தள்ளிப் படுக்க வையுங்கள்.

நிர்வாகக் குழுவிற்கு என் வேண்டுகோள்

நம் ஜமாஅத் ஆண்டு விழாவில், ஒரு நாளும் விடுப்பு எடுக்காத மாணவ மாணவியருக்கு முழு வருகைப் பரிசு வழங்கி வருகிறோம். பதினொரு ஆண்டுகளுக்கு முன் இதனைத் தொடங்க வேண்டும் என்று இதே மேடையில் முன்மொழிந்தவன் நான். அதனை நிறுத்திவிடுமாறு இன்று நானே வேண்டுகிறேன்.

பிள்ளைகள் தவறாமல் பள்ளிக்கு வர வேண்டும் என்ற நம் நோக்கம் நல்லதே. ஆனால் நோயுற்ற பிள்ளையையும் நலமுள்ள பிள்ளையையும் ஒரே அளவுகோலால் அளக்கும் பரிசு, நோயை மறைக்கக் கற்றுக்கொடுக்கிறது. காரணமின்றி விடுப்பு எடுக்காதவர்களைப் பாராட்டுவோம். காய்ச்சலுக்காக எடுத்த விடுப்பைக் குறையாகக் கருதாதிருப்போம். இப்பரிசுத் தொகையை வழங்கி வரும் அன்பரிடம் கலந்து பேசினேன். அத்தொகையைக் கொண்டு மக்தபின் எட்டு ஜன்னல்களுக்கும் கொசுவலை அடித்துக் கொடுக்க அவர் முழுமனதுடன் இசைந்திருக்கிறார். வலை அடித்துவிட்டால் மாலையிலும் ஜன்னல்களைத் திறந்து வைக்கலாம். எதிரெதிர்ச் சுவர்களில் உள்ள ஜன்னல்கள் திறந்திருந்தால் காற்று உள்ளே வந்து வெளியே செல்லும்; அதற்கு மின்சாரமும் தேவையில்லை.

இரண்டாவதாக, மக்தபில் பிள்ளைகளைச் சேர்க்கும்போது தடுப்பூசி அட்டையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஊசி போடவில்லை என்பதற்காக எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது. இரண்டாம் தவணை விடுபட்டவர்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டு, கிராம சுகாதார செவிலியரை ஒரு வெள்ளிக்கிழமை நம் ஜமாஅத் மண்டபத்திற்கு அழைத்தால், தாய்மார்கள் தயங்காமல் வருவார்கள்.

மூன்றாவதாக, ஹஜ்ரத்மார்களும் ஆசிரியர்களும், காய்ச்சலோடு வந்த பிள்ளையைக் கண்டால் பெற்றோருக்குத் தொலைபேசியில் சொல்லி அழைத்துச் செல்லச் செய்ய வேண்டும். தனியே நடந்து போகவிட வேண்டாம். வேலைக்குச் செல்லும் பெற்றோருக்கு இது சிரமம் என்பதை அறிவேன். பக்கத்து வீட்டாரும் உறவினரும் அந்த ஒரு நாளைப் பகிர்ந்துகொண்டால் சிரமம் குறையும். ஜமாஅத் என்ற சொல்லுக்கே கூட்டம் என்றுதானே பொருள்!

அந்தத் தாயார் கேட்ட கேள்விக்கு அன்று நான் விடை சொல்லவில்லை. ஆம் அம்மா, எங்கள் பள்ளியிலிருந்துதான் வந்தது. நம் பிள்ளைகள் பயிலும் இடத்தில் அது மீண்டும் நிகழாதிருக்க நம்மால் இயன்றதைச் செய்வோம். இந்த வேண்டுகோள்களை அடுத்த பொதுக்குழுவில் வைத்து முடிவெடுக்குமாறு நிர்வாகிகளைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.